தீனி வாயின் சாவி

என் பெயரும் கதவு எண்ணும் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. காய்கறிச் சந்தைக்குப் பின்புறம் உள்ள, குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்து வருகிறேன். நிலையத்தின் தீனி வாயைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றதாக எங்கள் பொறியாளர் கொடுத்த புகாரின் பேரில் இன்று விசாரணைக்கு வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது.

பூட்டியது நான்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். வரிசைப்படி சொல்லும்படி ஆய்வாளர் கூறியதால் வரிசைப்படி சொல்கிறேன்.

நான் பன்னிரண்டு வருடம் அதே சந்தையில் குப்பை பிரிக்கும் வேலை பார்த்தேன். நிலையம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது முதலில் வேலைக்கு எடுத்த ஆள் நான். எது அழுகும், எது அழுகாது என்று கை வைத்தாலே எனக்குத் தெரியும் என்பதால் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வெல்டர். பெரிய தொட்டியின் அறுபத்து நான்கு இரும்புத் தகடுகளையும் இணைத்தது அவர்தான். அதன் பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்தார்கள். அவர் பழைய செய்தித்தாளைக் கிழித்து வெல்டிங் போட்ட இடங்களில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே தொட்டியைச் சுற்றி வந்தார். ஒரு தாள்கூட நனையவில்லை. அன்று முழுவதும் அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார், நானும் தடுக்கவில்லை.

அதன் பிறகு பால்பண்ணையிலிருந்து சாணம் கொண்டுவந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, மூடி, இருபத்தைந்து நாள் காத்திருந்தோம். சாணத்தில் உள்ள கிருமிகள்தான் குப்பையைத் தின்று வாயுவாக மாற்றும். அந்த வாயுவில்தான் எஞ்சின் ஓடும். கிருமிகள் பெருகப் பெருகத்தான் குப்பையைக் கூட்ட வேண்டும். முதலில் ஒரு நாளைக்கு இருநூறு கிலோ, அது செரித்ததைப் பார்த்துவிட்டு இன்னும் நூறு. குப்பையை அரைத்து உள்ளே தள்ளும் இடத்துக்குத் தீனி வாய் என்று பெயர். தொட்டிக்கு நாங்கள் மாமியார் என்று பெயர் வைத்திருந்தோம். நேரத்துக்குச் சாப்பாடு வராவிட்டாலும் கோபம், அதிகம் வந்தாலும் கோபம். இது விசாரணைக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவை இருக்கிறது என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

தொட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பு உண்டு, வாயு எரிகிறதா என்று பார்ப்பதற்கு. தினமும் காலை ஏழு மணிக்கு அதில்தான் எல்லோருக்கும் டீ போடுவேன். தொட்டி நன்றாக இருந்த நாட்களில் ஆறு நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. தேதி போட்டு அந்த நிமிடங்களைச் சுவரில் எழுதி வைத்தேன். அந்தச் சுவரை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். அன்று எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்று பொறியாளருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி. அவர் கெட்டவர் இல்லை, படித்தவர், வேலைக்கு அஞ்சாதவர். ஆனால் தொட்டியை, எவ்வளவு கொட்டினாலும் கொள்ளும் பீப்பாய் என்று நினைத்துவிட்டார். ஒரே வாரத்தில் தீனியை இரண்டு டன்னாக ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். நானும் வாயை மூடிக்கொண்டுதான் ஏற்றினேன். என் மேல் குற்றம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு வாரம்தான்.

அதன் பிறகு தண்ணீர் கொதிக்க ஒன்பது நிமிடம் ஆனது, மறுநாள் பதினான்கு. மூன்றாம் நாள் அடுப்பு பற்றவே இல்லை. தொட்டியின் கழிவுக் குழாயில் புளித்த வாடை வந்தது. நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்தேன், புளிப்பு ஏறியிருந்தது. கிருமிகள் செத்துக்கொண்டிருந்தன. பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னது இது:

"கேஸ் குறையுதுன்னா நாம போடறது பத்தலைன்னு அர்த்தம்மா. இன்னும் ரெண்டு லோடு சேர்த்துப் போடுங்க."

நான் சொன்னது:

"அஜீரணத்துல படுத்திருக்கிறவங்களுக்கு விருந்து வைக்கச் சொல்றீங்க சார். இது செத்துச்சுன்னா கழுவி ஊத்திட்டு மறுபடி சாணத்துல இருந்து ஆரம்பிக்கணும். நாலு மாசம் ஆகும்."

அவர் கேட்கவில்லை. லாரிகள் வாசலில் நின்றன. நான் போய்த் தீனி வாயின் மூடியை இறக்கி, என் வீட்டுக்காரர் செய்து கொடுத்த கொண்டியில் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போது பகல் பதினொன்றரை மணி. பயந்தேனா என்று கேட்கப்பட்டது. பயந்தேன். ஆனாலும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மறுநாள் பொறியாளர் புகார் கொடுத்தார். பதினோரு நாள் சந்தைக் குப்பை பக்கத்து மைதானத்தில் கிடந்தது. நாற்றம் உண்மை, வியாபாரிகள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியதும் உண்மை. அந்தப் பதினோரு நாளும் நான் தொட்டியைப் பட்டினி போட்டேன். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தண்ணீரும் புதுச் சாணக் கரைசலும் ஊற்றுவதற்கு மட்டும் வாயைத் திறந்து மறுபடி பூட்டினேன். ஆறாம் நாள் பொறியாளர் தானாக வந்தார். கழிவுக் குழாயில் குனிந்து முகர்ந்தார். அதன் பிறகு சுண்ணாம்பு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். அவருடைய சட்டை முழுவதும் வெள்ளையானது.

பத்தாம் நாள் அடுப்பு பற்றியது. பன்னிரண்டாம் நாள் ஆறு நிமிடத்தில் டீ. அன்றே பூட்டைத் திறந்து இருநூறு கிலோவில் ஆரம்பித்தோம். விழா தள்ளிப்போனது. அதன் பிறகு ஒரு மாதம் கழித்து எஞ்சினை ஓட்டினோம், நின்றுபோகவில்லை. இன்றுவரை சந்தையின் நாற்பது கடைகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அதில்தான் மின்சாரம். நான் பிரித்த குப்பை, என் வீட்டுக்காரர் இணைத்த தகடு. முதல் விளக்கு எரிந்தபோது நாங்கள் இருவரும் சந்தை நடுவில் நின்று பார்த்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நேற்று மாலை பொறியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புகாரைத் திரும்பப் பெற வழி இருக்கிறது என்றும், சாவி தொலைந்துவிட்டது, அதனால் திறக்க முடியவில்லை என்று நான் சொன்னால் போதும், வேலையும் போகாது, வழக்கும் இருக்காது என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். டீ கொடுத்து அனுப்பினேன். என் வீட்டுக்காரர், "நீ எதைச் சொன்னாலும் நான் உன் பக்கம்" என்றார்.

சாவி தொலையவில்லை. தொலைந்தது என்று எழுதினால் தொட்டி தற்செயலாகப் பிழைத்தது என்று ஆகிவிடும். நாளைக்கு எனக்குப் பதில் வேறொருவர் அங்கே நிற்பார், வாயு குறையும், இன்னும் கொட்டு என்று யாராவது சொல்வார்கள். அப்போது பூட்டலாம், ஏற்கெனவே ஒருத்தி பூட்டியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக வேலை போனால் போகட்டும்.

சாவியைச் சான்றுப் பொருளாக ஒப்படைக்கும்படி கூறப்பட்டது. மேசைமேல் வைக்கிறேன். ஆனால் இப்போதும் தீனி நேரம் தவிர மற்ற நேரத்தில் வாயைப் பூட்டித்தான் வைக்கிறோம், நான்கு மணிக்குத் தொட்டிக்குத் தீனி நேரம். அதற்குள் யார் கையிலாவது கொடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கையில்தான் தர வேண்டும் என்பதில்லை.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தொலைந்தது என்று நான் சொன்னதாக எங்கும் இல்லை என்பதை நானும் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன். அத்தனையும் நான் செய்தது, நான் சொன்னது, உண்மை.

ஒப்பம்
(மேற்பார்வையாளர்)
நேரம்: பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்