எண்பதுக்குக் கீழே

இல்லம்மா, அந்த சேர்ல உக்காராதீங்க. கை வச்ச சேர் அது. உக்காரும்போது உள்ள விட்டுடும், எந்திரிக்கும்போது நம்மளோடயே சேர்ந்து வரும். இதே ரூம்ல ஒரு தடவை என் பேரைக் கூப்பிட்டாங்கன்னு நான் எந்திரிச்சா, சேரும் எந்திரிச்சுடுச்சு. இங்க பெஞ்சுக்கு வாங்க. பையை நகத்திக்கிறேன். ம், தாராளமா உக்காருங்க. இப்பல்லாம் எனக்குக் கால்வாசி பெஞ்சு போதும்.

ஆமா, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க, கழுத்தை வச்சா? இந்தக் கழுத்துதான் எல்லார்கிட்டயும் காட்டிக் குடுக்குது. காத்து எறங்கின பலூன் மாதிரி தொங்குது பாருங்க. நீங்க இன்னைக்குத்தான் முதல் தடவையா? பயமா இருக்கா? பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வயித்துல முக்காவாசியை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை வாழைப்பழம் அளவுக்குத் தச்சு விட்டுடுவோம்னு டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு. எடுத்ததை என்ன டாக்டர் பண்ணுவீங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே அடுத்த படத்தைத் திருப்பிட்டாரு.

வேலையா? தண்ணி சப்ளை ஆபீஸ்ல, போன்ல புகார் கேக்குற வேலை. காலைல ஹெட்போனை மாட்டினா சாயங்காலம் வரைக்கும் ஊர்ல யார் வீட்டுக் குழாயில என்ன வரலையோ அது அத்தனையும் என் காதுல வரும். தண்ணி வரல. வந்தா நாத்தம். நாத்தம் போனா, சரி பண்ண வந்த ஆளு குழாயை ஒடைச்சுட்டுப் போயிட்டான். வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. கடைசில நாங்க, இவ்வளவு நேரம் பொறுமையா இருந்ததுக்கு நன்றின்னு சொல்லணும். அவங்க எங்கம்மா பொறுமையா இருந்தாங்க? பொறுமையா இருந்தது நானு! ஊர் புகாரைக் கேக்க நான் இருக்கேன், என் புகாரைச் சொல்ல எனக்கொரு நம்பர் கிடையாது. இன்னைக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க.

உடம்பு போட்டதும் அங்கதான். ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவுல கிடைக்கிற நேரம்தான் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் தொற, ரெண்டு வாய் அள்ளிப் போடு, முழுங்கு, வணக்கம் சொல்லுங்க சார். மெல்லுறதுன்னு ஒரு காரியம் இருக்குங்கறதே மறந்துபோச்சு. வருஷக்கணக்கா முழுங்கியிருக்கேன், திட்டையும் சேர்த்து.

ஏன் பண்ணிக்கிட்டேனா? எல்லார்கிட்டயும் சொன்னது முட்டி வலி. வீட்டுக்காரர்கிட்ட அதான், ஆபீஸ்லயும் அதான். நீங்களும் இப்போதைக்கு அதையே வச்சுக்குங்க. எனக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. எடை எண்பது கிலோவுக்குக் கீழ வரணும். வந்தா ஒரு காரியம் நடக்கும், வரலைன்னா நடக்காது, அவ்வளவுதான். இன்னைக்கு அதைப் பாக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க. வீட்டு எடை மெஷின் எண்பதைத் தொட்டுத் தொட்டு ஆடுது, கீழயும் எறங்க மாட்டேங்குது, மேலயும் போக மாட்டேங்குது. கம்மலைக்கூடக் கழட்டிப் பையில போட்டுட்டேன். சிரிங்க, சிரிங்க. நாளைக்கு நீங்களும் கழட்டுவீங்க.

வீட்டுக்காரரா? அவர் நல்லவர்தான். நல்லவர்னா, எதுலயும் தலையிட மாட்டாரு. ஆபரேஷன்னு சொன்னேன், உனக்கு சரின்னு பட்டா சரிதான்னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாரு. அவர் பங்குக்கும் சேர்த்துப் பேசத்தான் அவங்க அக்கா இருக்காளே. ஆமா, என் நாத்தனார். புருஷன் விட்டுட்டுப் போனதுலேருந்து எங்க வீட்லதான். கல்யாணமாகி நான் உள்ள கால் வச்ச அன்னைக்கே என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுத் தம்பிகிட்ட என்ன சொன்னா தெரியுமா? டேய், முதல்ல அந்தக் கட்டிலை மாத்து, தாங்காதுன்னா. இந்த மனுஷனும் போய் இரும்புக் கட்டில் வாங்கிட்டு வந்தாரும்மா! நான் வாசல்ல நிக்கிறேன், நாலு ஆளு கட்டிலைத் தூக்கிட்டு உள்ள போறாங்க. எங்க போய் முட்டிக்கிறது சொல்லுங்க?

அன்னைலேருந்து எனக்குப் பேரு பீரோ. பீரோ வருது, வழி விடுங்க. பீரோ உக்காந்திருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்க. நான் மட்டும் சும்மா இருப்பேனா? அவ ஒல்லி. நான் அவளை விளக்குமாத்துக் குச்சின்னேன். இப்படியே எங்க பொழுது போச்சு. ஒரு நாள் கூட நாங்க ரெண்டு பேரும் நல்ல வார்த்தை பேசிக்கிட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா ஒரு நாள் கூடப் பேசாம இருந்ததும் இல்ல.

ஆபரேஷன் விஷயம் தெரிஞ்சதும் என்ன குதி குதிச்சா தெரியுமா. இந்த வயசுல யாருக்குக் காட்ட இந்த இடுப்புன்னா. வீடு இருக்கிற இருப்புல ஒருத்திக்கு அழகு கேக்குதாம்னு சமையக்கட்டுலேருந்து தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பதில் நாக்கு நுனிக்கு வந்துடுச்சும்மா. முழுங்கிட்டேன். சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது.

வலியா? வலி பெருசில்ல. வயித்துல நாலஞ்சு சின்னச் சின்ன ஓட்டை, அது ஆறிடும். அதுக்கப்புறம்தான் இருக்கு கச்சேரி. முதல்ல வெறும் சூப்பு, அதுவும் வடிகட்டி, மருந்து மூடியில ஊத்தி நாக்குல வைக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டா நெஞ்சுக்குள்ள யாரோ கல்லை வச்ச மாதிரி நின்னுடும். அப்புறம் குழைச்சது, அப்புறம் மெத்துன்னு இருக்கறது. ஒவ்வொரு வாயையும் மென்னு மென்னு தாடை வலிக்கும். ஆபீஸ்ல மேனேஜர் கூப்பிட்டு, போன்ல பேசும்போது வாயில என்ன போட்டு மெல்றீங்கன்னு கேக்குறாரு. இத்தனை வருஷம் முழுங்கினப்ப கேக்காத ஆளு! முடி வேற கொத்துக் கொத்தா வந்துச்சு. வெயில் காலத்துலயும் குளுரும். இதெல்லாம் அந்தப் படத்துல இல்ல பாருங்க.

வீட்ல இன்னொரு கூத்து. நாத்தனாருக்கு ஏற்கெனவே கிட்னி கெட்டுப்போயிருந்துச்சு. வாரத்துல மூணு தடவை இதே ஆஸ்பத்திரில மேல் மாடிக்கு வந்து மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கணும். அவளுக்குத் தண்ணி அளந்துதான். எனக்கு சாப்பாடு அளந்துதான். நைட்டு டேபிள்ல உக்காந்தோம்னா, என் முன்னாடி பாட்டில் நிறைய தண்ணி, தண்ணி குடி குடின்னு டாக்டர் சொல்லியிருக்காரு, எனக்கு ஒரு மடக்கு எறங்க மாட்டேங்குது. அவ அந்தப் பாட்டிலையே பாத்துக்கிட்டிருப்பா. அவ தட்டுல சாப்பாடு கிடக்கும், அவளுக்குப் பிடிக்காது, நான் அந்தத் தட்டையே பாத்துக்கிட்டிருப்பேன். நடுவுல எங்க மகராசன் தட்டையும் காலி பண்ணி, சொம்புத் தண்ணியையும் காலி பண்ணி, ஒரு ஏப்பம் விடுவாரு பாருங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பி முறைப்போம். இத்தனை வருஷத்துல நாங்க ஒத்துமையா செஞ்ச காரியம் அது ஒண்ணுதான்.

எடை எறங்குச்சு, எறங்கலைன்னு சொல்லல. மடமடன்னு எறங்குச்சு. அதுலயும் எரிச்சல்தான். பாக்குறவங்கல்லாம் வந்து கையைப் பிடிச்சுக்கறாங்க. ஆளே மாறிட்டீங்களே, இப்பத்தான் அழகா இருக்கீங்கன்னு. அப்ப முன்னாடி இருந்தவ யாரு? அவளுக்கு யாரு பதில் சொல்றது? அவளும் நாந்தானே? பத்து வருஷமா லிஃப்ட்ல என்னைப் பாத்தா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிற கணக்குப் பிரிவு ஆளு, இப்ப குட் மார்னிங் சொல்றாரு. நான் சொல்லலியே பதிலுக்கு. போய்யா.

அப்புறம் எண்பத்தி ரெண்டுல வந்து நின்னுச்சு பாருங்க! அப்படியே நின்னுச்சு. மாசக்கணக்கா. அதே சாப்பாடு, அதே நடை, ஒரு முள்ளு நகரல. நாத்தனார் வேற தினம் காலைல எடை மெஷினைக் கொண்டாந்து என் கால்கிட்டப் போடுவா. ஏறுடி, பாப்போம்பா. பாத்துட்டு, காசையும் குடுத்து வயித்தையும் குடுத்து அதே எண்பத்தி ரெண்டான்னு தம்பிகிட்டக் கத்துவா. எனக்கு அவ மண்டையிலயே அந்த மெஷினைப் போடலாம்னு இருக்கும். ஆனா அவ கையைப் பாப்பேன். ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் பொடச்சு, வீங்கிப் போய் இருக்கும் அந்தக் கை. அதைப் பாத்துட்டா எனக்கு என் மேலதான் கோவம் வரும். எறங்கித் தொலையேன் சனியனேன்னு என் உடம்பையே நான் திட்டுவேன்.

அந்தக் கோவத்துலதான் ஒரு நாள் கேக்கைத் தின்னேன். ஆபீஸ்ல யாரோ ரிட்டயர் ஆனாங்க. ஆளுக்கொரு துண்டு மேஜையில வச்சுட்டுப் போயிட்டாங்க. எண்பத்தி ரெண்டுல நின்னா என்ன, நூத்தி ரெண்டுல நின்னா என்னன்னு எடுத்து, பழைய பழக்கம், ரெண்டு போனுக்கு நடுவுல அப்படியே முழுங்கிட்டேன். இந்த ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இனிப்பு அப்படி எறங்கினா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரா உங்களுக்கு? சொல்லலையா? கேட்டுக்குங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து ஊத்தி, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த நேரம் பாத்து ஒரு பெரியவர் போன்ல. ஒரு வாரமா தண்ணி இல்ல, நீங்கல்லாம் மனுஷங்கதானான்னு கத்துறாரு. நான் சார்னு ஆரம்பிச்சேன், குப்பைக்கூடையை இழுத்துக் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி. மைக் ஆன்லயே இருக்கு. எல்லாம் கேட்டுடுச்சு அவருக்கு. அப்புறம் சொல்றாரு, அம்மா, முதல்ல நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க, என் தண்ணி மெதுவா வரட்டும்னு.

நான் அழுதுட்டேம்மா. அத்தனை நாளா டாக்டரைத் தவிர ஒரு மனுஷர்கூட என்னைத் தண்ணி குடின்னு சொல்லல பாருங்க. மாடிப்படியில போய் உக்காந்து அழுது தீத்தேன். எனக்கு இந்த இடுப்பும் வேணாம், இந்தக் கழுத்தும் வேணாம், ரெண்டே ரெண்டு கிலோ போதும், அதை எறக்கிக் குடுன்னு யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியாமக் கேட்டேன். அன்னைலேருந்து சாப்பாட்டு நேரத்துல ஹெட்போனைக் கழட்டி வச்சுடுறேன். ஊரே வறண்டு போனாலும் சரி, நான் மென்னு முடிச்சப்புறம்தான். மேனேஜர் முறைச்சாரு. முறைக்கட்டும். அதுக்கப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நகர ஆரம்பிச்சுது.

என்ன நம்பர் கூப்பிட்டாங்க? அடுத்தது நானா? இல்ல, எனக்கு முன்னாடி இன்னும் ஒருத்தர் இருக்காரு.

நீங்க பண்ணிக்கலாமா வேணாமான்னு என்னைக் கேக்காதீங்க. உங்க உடம்பு, நீங்கதான் அதோட இருக்கப் போறீங்க. ஆனா, யாரோ அழகா இருக்கேன்னு சொல்லணும்கறதுக்காகப் பண்ணிக்காதீங்க. அது வர்றப்ப எரிச்சலாத்தான் இருக்கும்.

எனக்கா? எண்பதுக்குக் கீழ வந்தா என்ன காரியமா? விட மாட்டீங்க போல. அது ஒண்ணுமில்லம்மா, என் கிட்னில ஒண்ணு நாத்தனாருக்குக் குடுக்கணும். டெஸ்ட் எல்லாம் பொருந்திடுச்சு, இந்த எடையில கை வைக்க முடியாது, குறைச்சுட்டு வந்தா பாக்கலாம்னுட்டாங்க. அதான் குறைச்சேன்.

ஐயோ, அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, டாக்டர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். முதல்ல என் வீட்டுக்காரர்தான் குடுக்கிறேன்னு வந்தாரு. பொருந்துதுன்னு சொன்னதும் அவ அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தா தெரியுமா. பாட்டு கூடப் பாடினா, கேக்க சகிக்கல. அப்புறம் இவருக்கு சர்க்கரைன்னு தெரிஞ்சு வேணாம்னுட்டாங்க. ரூமுக்குள்ள போனவதான். அப்புறம் வெளிய வந்தா, நடந்தா, சாப்பிட்டா, ஆனா என்னை ஒரு வார்த்தை பீரோன்னு சொல்லல. நான் வேணும்னே வழியில நிக்கிறேன், ஓரமா ஒதுங்கிப் போறாம்மா. அதை என்னால தாங்க முடியல. இன்னொரு தடவை ஆசை காட்டி இல்லைன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. அதனால டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் முட்டி வலிதான். இப்பக்கூட மேல மெஷின்ல படுத்துக்கிட்டு, கீழ இவ முட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டு இருக்கான்னு நர்ஸ்கிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லிட்டுத்தான் இருப்பா.

அட, கண்ணைத் தொடைங்க. இது அழற விஷயமா? நீங்க அவளைப் பாத்ததில்ல. இன்னைக்கு உள்ள சரின்னு சொல்லிட்டாங்கன்னா நேரா மேல போய்ச் சொல்லணும். நன்றின்னெல்லாம் வாயில வராது அவளுக்கு. என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, ஏன்டி, உன் கிட்னியும் உன்னை மாதிரியே சோம்பேறியா இருந்து தொலைக்காதுல்லன்னு கேப்பா.

கேக்கட்டும்மா. கிழவியாகி என் காது செவிடாகுற வரைக்கும் கேக்கட்டும்.

என்னைத்தான் கூப்பிடறாங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. செருப்பும் இங்கயே இருக்கட்டும், அதுக்கும் எடை உண்டு.