பட்டனை யார் அமுக்குவது

லஸ் முனையில் பதினொரு பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். நாற்பது நிமிஷத்தில் மூன்று பஸ்கள் நிற்காமலே போய்விட்டன. எனக்கு முன்னால் ஒரு காலில் செருப்பும் மறு காலில் கட்டுமாக ஒருவர் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி.

"மெஷினுக்குக் கைராசி கீதா?" என்றார் அவர் திடீரென்று.

"இன்னாய்யா கேக்கற?" என்றார் மனைவி.

"நாளைக்கு ஆஸ்பத்திரில என் கால் ரத்தக்குழாயில டாக்டரு கையால மருந்து ஏத்த மாட்டாராம். புதுசா வந்த மெஷின்தான் ஒரே அழுத்தா அழுத்துமாம். அப்பத்தான் எக்ஸ்ரேயில அடைப்பு தெரியுமாம். மெஷினுக்குக் கையே இல்ல, கைராசி எங்கேர்ந்து வரும்? நான் போவல."

"போவலன்னா கால எடுத்துடுவாங்கய்யா!"

"சரி, பட்டனை யாரு அமுக்கறது?"

"கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலேர்ந்து ஒருத்தரு."

"அவரு கைராசிக்காரரா?"

"அவராண்ட ஜாதகமா கேக்க முடியும்? வேணும்னா நானே அமுக்கறேன்."

"நீயா! நீ நட்ட முருங்கையே பட்டுப்போச்சு. நீ போட்ட ஊறுகா நாலே நாள்ல பூசணம் பூத்துது."

நான்காவதாக ஒரு மாடி பஸ் வந்தது. மற்ற நாங்கள் பத்துப் பேரும் கை காட்டிக் காட்டி ஓய்ந்திருந்தோம். அந்த அம்மாள் மட்டும் கையை நீட்டினார். பஸ் அவர் முன்னால் வந்து நின்றது.

கணவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை; மனைவியின் கையையே பார்த்தார்.

"அந்தக் கண்ணாடிக்காரராண்ட முன்னாடியே சொல்லி வெச்சிடு," என்றார், அந்தக் கையைப் பிடித்துப் படியேறிக்கொண்டே. "நாளைக்குப் பட்டன் உன்னுது."