நீல விளக்கு வார்டுக்கு வெளியே

மோசஸ்: அந்தக் கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியாது. உள்பக்கம் பேப்பர் ஒட்டிக்கிறாங்க.

அருணகிரி: நான் இன்னாத்த பாத்தேன்? பாத்ரூம் எங்கன்னு தேடிக்கினு இருந்தேன்.

மோசஸ்: பச்சப்புள்ளைங்க வார்டுலயா?

அருணகிரி: போர்டு ஒழுங்கா வெச்சாதானே தெரியும்.

மோசஸ்: சரி, சரி. உக்காரு சம்பந்தி.

அருணகிரி: அப்டி கூப்டாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?

மோசஸ்: எங்க சொன்ன? கல்யாணம் ஆயி ரெண்டு வருஷத்துல நீ என்னாண்ட வாயத் தொறந்து பேசுறதே இதான் மொத வாட்டி. சரி, மேஸ்திரின்னே கூப்புடறேன். கம்பெனியில கூப்ட மாதிரி. உக்காரு மேஸ்திரி. வேட்டி அழுக்காவாது, பெஞ்ச இப்பதான் தொடச்சேன்.

அருணகிரி: நான் பிரஷர் மாத்திரை வாங்க வந்தேன். இந்தப் பையி அதுக்குதான். அவ்ளோதான்.

மோசஸ்: ஏன், கும்முடிப்பூண்டியில மாத்திரை தர்றதில்லையா?

அருணகிரி: ஸ்டாக்கு இல்லன்னாங்க.

மோசஸ்: அதுக்கு ரெண்டு பஸ் மாறி, பெரியபாளையம் சுத்திக்கினு, திருவள்ளூரு வந்தியா?

அருணகிரி: வேற வேலையும் கீது. கலெக்டர் ஆபீசுல.

மோசஸ்: இன்னிக்கு ஞாயித்துக்கிழம மேஸ்திரி. நானே கோயிலுக்குப் போவாம இங்க கீறேன்.

அருணகிரி: ...வெயிலு ஜாஸ்தியா கீது.

மோசஸ்: ஆமா. ஜாஸ்திதான். டீ குடிக்கிறியா?

அருணகிரி: உன் கையால வேணாம்.

மோசஸ்: இருவது வருஷம் என் டப்பாவுலேர்ந்து கருவாட்டுக் கொழம்ப வழிச்சி வழிச்சி துன்ன. இப்ப என் கையில இன்னா வந்துச்சாம்?

அருணகிரி: அப்ப நீ மோசசு. இப்ப என் புள்ளைய இஸ்துக்கினு போனவளோட அப்பன்.

மோசஸ்: யாரு யாரை இஸ்துக்கினு போனா? உன் புள்ள ஹேமநாத்துதான் எங்க ஊட்டாண்ட பைக்க நிறுத்தி ஹாரன் அடிச்சிக்கினு இருப்பான். எம் பொண்ணு ஷைனி பாட்டுக்கு படிச்சிக்கினு இருந்தா.

அருணகிரி: குடும்ப மானம்னா இன்னான்னு உனக்குத் தெரியுமா? மீஞ்சூர் சர்ச்சுல வெச்சி தாலி கட்டினான். எங்க ஜனம் அத்தினியும் என் மூஞ்சியப் பாக்குது. நடுத்தெருவுல நின்னு சொன்னேன், இனிமே அவனுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு. சொன்னது சொன்னதுதான். பேச்ச மாத்தறவன் இல்ல நான்.

மோசஸ்: மாத்தச் சொல்லி நான் கேட்டனா? உக்காரத்தான் சொன்னேன்.

அருணகிரி: ...எப்டி கீது?

மோசஸ்: எது?

அருணகிரி: எதுவா... வெயிலு!

மோசஸ்: ஜாஸ்தின்னு நீதானே சொன்ன.

அருணகிரி: மோசசு...

மோசஸ்: சரி, சரி, மொறைக்காத. உன் பேத்தி உள்ள நீல லைட்டுக்குக் கீழ படுத்துக்கினு கீறா. கண்ண துணியால கட்டி, டயாபர் மட்டும் போட்டு. மஞ்சக்காமால ரொம்ப ஜாஸ்தியாம். காலைல மறுபடி ரத்தம் எடுத்தாங்க. கொறஞ்சிருந்தா இந்த லைட்டே போதும். கொறையலன்னா மெட்ராசுக்கு அனுப்பி, ஒடம்புல கீற ரத்தத்தையே மாத்தணும்ன்றாங்க.

அருணகிரி: ரத்தத்தையா?

மோசஸ்: கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஏத்தி... அப்டியே மாத்துவாங்களாம். மஞ்ச மூளைக்கு ஏறிட்டா காது கேக்காம பூடுமாம். அப்புறம் கை, காலு... டாக்டரம்மா சொல்லிக்கினே இருந்தாங்க. அதுக்கு மேல எனக்கு ஏறல.

அருணகிரி: ரிசல்ட்டு எப்ப?

மோசஸ்: இப்ப வரணும். அதுக்குதான் குந்திக்கினு கீறேன்.

அருணகிரி: அவன் எங்க?

மோசஸ்: எவன்?

அருணகிரி: ...உன் மருமவன்.

மோசஸ்: நைட்டு பூரா இந்தக் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தான். போயி நாஷ்டா துன்னுட்டு வாடான்னு தொரத்தி வுட்டேன். எம் பொண்டாட்டியையும் கூட்டிக்கினு போனான். செண்பகம் நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல.

அருணகிரி: இத்தினி நாளு இன்னாடா பண்ணிக்கினு இருந்தீங்க அத்தினி பேரும்? ஒருத்தர் கண்ணுக்குக் கூடவா படல?

மோசஸ்: பட்டுச்சி. மஞ்சளா கீறான்னு எல்லாருக்கும்தான் தெரியும்.

அருணகிரி: தெரிஞ்சுமா?

மோசஸ்: நாங்கதான் மஞ்ச பூசுறமே.

அருணகிரி: ...இன்னா?

மோசஸ்: கஸ்தூரி மஞ்ச. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஊட்டுக்கு வந்த நாள்லேர்ந்து, செண்பகம் கால்ல போட்டு குளிப்பாட்டி, மஞ்ச தேச்சி வுடுவா. அந்தக் கலருதான்னு நெனச்சோம். பாக்க வர்றவங்களும் தங்கச்செல கணக்கா கீறான்னாங்க. எங்களுக்குப் பெருமை வேற.

அருணகிரி: உங்க ஊட்ல அந்த வழக்கமே கெடையாதே! ஷை... உன் பொண்ணு பொறந்தப்போ நான் வந்து பாத்தேனே. மூஞ்சி பூரா பவுடரைத்தான் கொட்டி வெச்சிருந்தீங்க.

மோசஸ்: எங்க ஊட்ல கெடையாது.

அருணகிரி: அப்புறம் இன்னாத்துக்குடா?

மோசஸ்: உங்க ஊட்ல உண்டே. பொம்பளப்புள்ள. அருணகிரி மேஸ்திரி பேத்தி. நாளைக்கே நீ மனசு மாறி வந்து நின்னு, எங்க வழக்கப்படி ஒரு மஞ்சகூட பூசலியான்னு கேட்டுடக் கூடாதேன்னு... செண்பகம் பக்கத்து ஊட்டம்மாவாண்ட கேட்டு, பழகிக்கினு பண்ணா. இப்ப என் கையாலதானே மறைச்சேன்னு தலையில அடிச்சிக்கினு அழுவுறா.

அருணகிரி: மஞ்ச பூசுனதால வர்ற சீக்கு இல்லடா அது. வந்தது தெரியாம பூடுச்சி, அவ்ளோதான். தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லு.

மோசஸ்: தங்கச்சியா? நீயே சொல்லு. இப்ப வருவா.

அருணகிரி: நான் கௌம்பணும்.

மோசஸ்: கௌம்பு. ஒடம்ப அசைக்கக் காணோமே... கொழந்த அழவும் மாட்டா மேஸ்திரி. பாலுக்கும் எழுந்திருக்க மாட்டா. தூங்கிக்கினே இருப்பா. இவ்ளோ சமத்தா ஒரு புள்ளையான்னு நாங்க... எங்கப்பா மாதிரி, எதுக்கும் அசைய மாட்டான்னு உன் புள்ள சொல்லி சிரிப்பான்.

அருணகிரி: என்ன மாதிரின்னா சொன்னான்?

மோசஸ்: நெத்தியும் உன்னுதுதான். தூக்கத்துலயும் யாரையோ மொறைக்கறா மாதிரியே இருக்கும்.

அருணகிரி: பச்சப்புள்ள தூங்கிக்கினே இருந்தா அதுக்குப் பேரு சமத்தாடா? பாலுக்குக் கத்தணும். தெருவையே கூட்டணும். அப்டியே இருந்தாலும், தோலு மேல தேச்ச மஞ்ச கண்ணுக்குள்ள எப்டிடா போவும்? முழியெல்லாம் மஞ்சளா கெடக்குது, இவனுங்க தங்கச்செலன்னு...

மோசஸ்: மேஸ்திரி.

அருணகிரி: இன்னா?

மோசஸ்: கண்ணு மஞ்சளா இருந்துச்சின்னு நான் சொல்லவே இல்லியே.

அருணகிரி: ...சொன்ன.

மோசஸ்: சொல்லல.

அருணகிரி: மஞ்சக்காமாலன்னா கண்ணு மஞ்சளாத்தான் இருக்கும். இத ஒருத்தன் சொல்லணுமா? ஹேமநாத்து பொறந்தப்போ இதே கததான். எழும்பூர்ல இதே மாதிரி லைட்டுல போட்டு வெச்சிருந்தாங்க.

மோசஸ்: தெரியும். நீ எழும்பூரே கெதின்னு கெடந்த, உன் ட்யூட்டியையும் சேத்து நான்தானே பாத்தேன்.

அருணகிரி: ...மறக்கல.

மோசஸ்: எனக்கு அது காய்ச்சலுன்னுதான் ஞாபகம். நேத்து டாக்டரம்மா கேட்டாங்க, அப்பா அம்மாவுக்குப் பொறந்தப்போ இந்த மாதிரி வந்துச்சான்னு. ஷைனிக்கு இல்லன்னு செண்பகம் சொல்லிட்டா. உன் புள்ள முழிக்கிறான். அவன் யாராண்ட போயி கேப்பான்? ஏதோ கர்த்தர் கண்ணத் தொறந்தாரு. நேத்து எங்க ஊரு நர்ஸம்மா லட்சுமியம்மா வந்து நின்னாங்க. அவங்க வர்ற நாளே இல்ல அது. கொழந்த மூஞ்சியத் தொடச்சி, வெளிச்சத்துக்குத் தூக்கிக்கினு வந்து, மூக்கு மேல வெரல வெச்சி அழுத்தி எடுத்தாங்க. அந்த எடம் வெளுக்காம எலுமிச்சம்பழம் கணக்கா நின்னுச்சி. காலை வெயில்ல காட்டலாமான்னு செண்பகம் கேட்டா. வெயிலுல்லாம் பத்தாது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு, நின்ன எடத்துலயே 108-க்கு போன் போட்டாங்க.

அருணகிரி: நல்ல பொம்பள.

மோசஸ்: அவங்களுக்கு யாரோ போன் பண்ணி சொல்லிக்கிறாங்க.

அருணகிரி: யாரு?

மோசஸ்: பேரு சொல்லலியாம். ஆம்பள கொரலு. கவரப்பேட்டையில மோசஸ் ஊட்ல ஒரு பச்சப்புள்ள கீது, இப்பவே போயி பாரு, நாளைக்குன்னா நடக்கறதே வேறன்னு மெரட்டுனானாம்.

அருணகிரி: எவனோ நல்லவன்.

மோசஸ்: நல்லவன்தான். மரியாத தெரியாத நல்லவன்.

அருணகிரி: இன்னாடா மரியாத தெரியாது? 'பாரும்மா'ன்னு சொல்லித்தான்...

மோசஸ்: சொல்லித்தான்?

அருணகிரி: ...சொல்லியிருப்பான்.

மோசஸ்: அவன் யாருன்னு தெரிஞ்சா கால்ல உழுந்து கும்புடுவேன்.

அருணகிரி: கால்ல எல்லாம் உழுவ வேணாம்.

பிரேமா: ஷைனியோட கொழந்தைக்கு வந்தவங்க யாரு?

அருணகிரி: நான்! ரிசல்ட்டு வந்துச்சா சிஸ்டர்? இன்னா ஆச்சி?

பிரேமா: நீங்க யாரு?

மோசஸ்: அவரு மாத்திரை வாங்க வந்தவரு சிஸ்டர்.

அருணகிரி: வாய மூட்றா! கொழந்தையோட தாத்தாம்மா நான். அப்பனைப் பெத்தவன். சொல்லும்மா.

பிரேமா: பயப்படாதீங்க. நல்லாவே கொறஞ்சிருக்கு. ரத்தம் மாத்தத் தேவையில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்சம் லைட்டுல வெச்சிப் பாக்கணும். இப்ப பாலும் இழுத்துக் குடிக்கிறா. காலைல பசிக்குன்னு கத்துனா பாருங்க, வார்டே எழுந்திரிச்சிடுச்சி.

மோசஸ்: ஸ்தோத்திரம் ஆண்டவரே... ஸ்தோத்திரம்...

அருணகிரி: கத்துனாளாம்மா? நல்லா கத்துனாளா?

பிரேமா: இன்னாங்க ரெண்டு பேரும்? நல்ல சேதிதானே சொன்னேன். எதுக்கு அழுவுறீங்க?

அருணகிரி: நான் எங்க அழுதேன்? வெயிலு...

பிரேமா: இங்க எங்க வெயிலு? சரி, பழைய காட்டன் துணி இருந்தா குடுங்க. புதுசு வேணாம். மெத்துன்னு இருக்கணும்.

மோசஸ்: ஐயையோ, செண்பகம் வந்தாதான்...

அருணகிரி: இந்தாம்மா.

மோசஸ்: அது மாத்திரைப் பையி இல்ல?

அருணகிரி: என் வேட்டிம்மா. நைட்டே கிழிச்சி, கொதிக்கிற தண்ணியில அலசி, ஃபேனுக்குக் கீழ காய வெச்சது. கஞ்சி சுத்தமா போயிடுச்சி. தொட்டுப் பாரு, மொறமொறப்பு இருக்காது.

பிரேமா: இவ்ளோவா! ரொம்ப நல்லதாப் போச்சி சார். ஊட்டுக்குப் போனப்புறம் மஞ்ச, மை, பவுடரு, ஒண்ணும் பூசாதீங்க. தாய்ப்பாலு மட்டும். தூங்குனாலும் எழுப்பி எழுப்பிக் குடுக்கணும். இப்ப ஒருத்தர் மட்டும் உள்ள வந்து பாக்கலாம். கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.

மோசஸ்: ரொம்ப நன்றிம்மா. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்... போ மேஸ்திரி.

அருணகிரி: நீ போ.

மோசஸ்: நான் நேத்தே பாத்துட்டேன். போ.

அருணகிரி: உள்ள அந்தப் பொண்ணு கீதே.

மோசஸ்: பெத்தவ இல்லாம? பாலு யாரு குடுப்பா, நீயா?

அருணகிரி: நடுத்தெருவுல நின்னு சொன்னவன்டா நான்.

மோசஸ்: அது உங்க தெரு. இது திருவள்ளூரு. சோப்பு அந்தக் கொழாயாண்ட கீது.

அருணகிரி: ...மோசசு. ஒண்ணு சொல்றேன். நர்ஸம்மாவுக்கு போன் பண்ணது நான்தான்.

மோசஸ்: அடடே, அப்டியா!

அருணகிரி: நடிக்காத. உன் போன்ல ஸ்டேட்டஸ் வெக்கிறல்ல, கொழந்த போட்டோ... தெனம் பாப்பேன். கண்ணாடியப் போட்டுக்கினு, பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பேன். நேத்து போட்டோவுல கண்ணு கொஞ்சூண்டு தொறந்திருந்துச்சி. முழி மஞ்சளா... எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உனக்கு போன் பண்ண வாயி வரல. பஸ் ஏறி கவரப்பேட்ட வந்துட்டேன். அங்கன்வாடி செவுத்துல நர்ஸு நம்பரு எழுதியிருந்துச்சி.

மோசஸ்: எங்க தெரு மொன வரைக்கும் வந்துட்டு...

அருணகிரி: வண்டி வந்து கொழந்தைய ஏத்தற வரைக்கும் அங்கதான் நின்னேன்.

மோசஸ்: அட, சாமி...

அருணகிரி: நீ அந்த போட்டோவ மட்டும் வெக்கலன்னா, இன்னிக்கு எம் பேத்தி... உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டவன்டா. உயிர் கீற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. நான் திருட்டுத்தனமா பாத்துக்கினு இருந்தேன்னு ஷைனியாண்ட சொல்லிடாத. அந்தப் பொண்ணு எதிர்ல என் தல எறங்கிடும்.

மோசஸ்: அந்த நன்றிய உள்ள போயி சொல்லு சம்பந்தி. எனக்கு ஸ்டேட்டஸு வெக்க எங்க தெரியும்? பெத்து ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து, காலைல என் போன வாங்கி, உன் ஒருத்தனுக்கு மட்டும் தெரியறா மாதிரி போட்டோ வெக்கிறதே அவதான். நீ பாத்துட்டன்னு அதுல வந்தாதான் எம் பொண்ணு நாஷ்டாவே துன்னுவா.