ஓட்டையை மறைக்காத உள்ளத்துக்கு

கூத்தாநல்லூர் தந்த குணக்குன்றே! குற்றம் கண்டால் கூசாமல் கூறும் கூர்மதியே! பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் நிரல்களைப் பிரித்து மேய்ந்து, மேய்ந்த கையோடு தேநீரும் வாங்கித் தந்து, இன்று பணி ஓய்வு பெறும் பரிசோதனைப் பிரிவுத் தலைவர் லத்தீஃபா அம்மையீர்! வணக்கம்.

கைபேசியின் திரை, கேமரா போன்றவற்றை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலே டிரைவர். அதை எழுதுவது எங்கள் தொழில். அதில் ஓட்டை தேடுவது தங்கள் தவம். அறைக்குள் சோதித்து முடித்தால் தாங்கள் ஒப்பமாட்டீர்கள். திருவாரூர்ப் பக்கம் நடவு வயலுக்கே எங்களை இழுத்துச் செல்வீர்கள். "இந்த போன் என் ஈரக்கையைக் கண்டா மொகத்தைத் திருப்பிக்குதுங்க" என்று நடவு நட்ட அகிலாண்டம் அம்மாள் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தொடுதிரை டிரைவரை முழுதும் மாற்றி எழுதவைத்தீர்கள். அப்பப்பா, அந்தக் குறுவையில் நாங்கள் பட்ட பாடு!

அந்த வயலில்தான் தவறும் நடந்தது. வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியில் விவரம் பார்க்க வசதியாக, புதிதாகச் சேர்ந்த வானதி, கடவுச்சொல் கேட்காத ஒரு சோதனை வழியை டிரைவரில் திறந்துவைத்தாள். மழை வந்தது; எல்லோரும் ஓடினோம்; வழியை மூட மறந்தாள். பல்லாயிரம் கைபேசிகளுக்கு அது அப்படியே போய்ச் சேர்ந்தது. ஏதேனும் ஒரு திருட்டுச் செயலி அவ்வழியே நுழைந்து, படங்களையும் வங்கி விவரங்களையும் அள்ளிவிடலாம்.

இரண்டு மாதம் கழித்துத் தாங்களே அதைக் கண்டுபிடித்தீர்கள். "சத்தமில்லாம அடுத்த அப்டேட்ல மூடிடலாம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார், இதோ முன்வரிசையில் அமர்ந்து சிரிக்கும் நம் மேலாளர் துரைராசு. "நம்ம வீட்டு போன்ல இருந்தா சும்மா இருப்பீங்களா சார்? மொதல்ல எல்லாருக்கும் சொல்லுங்க" என்றீர்கள். அறிவிப்பு வெளிவந்தது, ஓட்டை அடைபட்டது.

யார் பிழை என்று தலைமையகம் கேட்டது. சேர்ந்து ஆறு மாதம்கூட நிரம்பாத வானதியின் வேலை ஊசலாடியது. "பார்த்துட்டு கையெழுத்துப் போட்டது நான்தானே, என் பேரை எழுதுங்க" என்றீர்கள். தங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று. அதைப் பற்றித் தாங்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எங்களுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தங்கள் பக்கம் எட்டிப்பாராமல், எங்கள் தொல்லையும் இல்லாமல், நெடுங்காலம் நலமோடு நிம்மதியாக இருங்கள், அம்மையீர்!

இம்மடலை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, எல்லோரும் என்னையே கைகாட்டினார்கள். தாங்கள் காத்துத் தந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். நன்றி, மேடம்.

பணியாளர்கள் அனைவர் சார்பிலும்,
வானதி