ஆறு மணிக்கு மேல் சிக்னல் இல்லை

— அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம் பொண்ணு. நாப்பது நாளா சாயங்காலத்துல இந்த வீட்டுல போன் அடிக்கல. உங்க கம்பெனி கோபுரத்தை நட்டு வெச்சது காக்கா உக்காரவா?

— கோவப்படாதீங்க ஐயா. பார்க்கத்தானே வந்திருக்கேன்.

— மூணு மாடி ஏறி வந்திருக்கா. முதல்ல தண்ணி குடிக்கட்டும், விடுங்க.

— நீ சும்மா இரு. புகார் கொடுத்து ஆளை வரவழைச்சது நீ. இதுல உபசாரம் வேறயா?

— நானா? எனக்கு வந்த போனை எடுக்கத் தெரியும், நம்பர் போடத் தெரியுமா? நீங்கதான் கொடுத்தீங்கன்னு நினைச்சேன். பிள்ளை குரலைக் கேக்கணும்னு மனுஷனுக்கு இப்பவாவது தோணிச்சேன்னு...

— எனக்கு ஒண்ணும் தோணல.

— யார் கொடுத்தா என்ன? பதிவுல ‘ஆறு மணிக்கு மேல கிடைக்கறதில்ல’ன்னு இருக்கு. அதான் இந்த நேரத்துல வந்தேன். இருங்க... கூடத்துல மீட்டர் முழுசாக் காட்டுதே. ஜன்னல் பக்கமும் குறையில்ல. சமையக்கட்டுலகூட நல்லா இருக்கு.

— உன் மீட்டர் பொய் சொல்லுது.

— அதுக்கு யார் மேலயும் கோவம் இல்ல ஐயா, அது ஏன் பொய் சொல்லப் போகுது? உங்க போன் எங்க?

— அலமாரியில.

— அந்தப் பெட்டிக்குள்ள கண்ணு. பட்டறையிலேர்ந்து வந்ததும் உள்ள வெச்சு மூடிடுவார். காலையில கிளம்பும்போதுதான் எடுப்பார். தூசி படக் கூடாதாம்.

— அம்மாடி, என்ன கனம்! இரும்பா?

— உருக்கு. என் லேத்துல நானே கடைஞ்சது. மூடியைப் பாரு, நூல் பிசகாது. காத்துகூட நுழையாது.

— காத்தே நுழையலேன்னா சிக்னல் எப்படி ஐயா நுழையும்? உங்க போனை எடுத்துட்டு என் போனை வெச்சு மூடறேன். இப்ப உங்க போன்லேர்ந்து என் நம்பர்... கேளுங்கம்மா.

— ‘எல்லைக்கு வெளியே’ன்னு சொல்றாளே!

— மூடியைத் திறந்தேன். இப்ப அடிக்குது பாருங்க. கோளாறு கோபுரத்துல இல்ல, பெட்டியில.

— அட கடவுளே! நாப்பது நாளா இந்தப் பெட்டியா? பாவம், அவருக்கும் தெரியாது...

— அம்மா, உங்க போன்ல ‘நீங்க எடுக்காத அழைப்பு’ன்னு செய்தி வரிசையா இருக்கு. எல்லாம் ஒரே நம்பர். ஆறு அஞ்சு, ஆறு பத்து, ஆறேகால்... தினமும். இன்னிக்கு வந்தது மட்டும்தான் புதுசு. மத்ததெல்லாம் ஏற்கெனவே படிச்சது.

— படிச்சதா? இந்த வீட்டுல அதைப் படிக்கறது யாரு? என்னங்க, சுவத்தை ஏன் பாக்கறீங்க? என்னைப் பாருங்க.

— ஆமாண்டி! நான்தான் படிச்சேன், நான்தான் மூடி வெச்சேன்! வாடிக்கைக்காரன் முன்னால, ‘அப்பா, இந்தத் தண்டு அளவு தப்பு’ன்னு சொன்னானே! முப்பத்தஞ்சு வருஷம் லேத் ஓட்டினவன் அளவா தப்பு?

— தப்புதானே! மறு வாரமே அந்தத் தண்டு திரும்பி வந்துச்சே! ‘வாசப்படி மிதிக்காதே’ன்னு துரத்தினீங்க. எங்கயோ வேலைக்குப் போயிட்டான். அங்க போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்கறாங்க, ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே மூடினீங்க!

— மூடினேன். அதுக்கென்ன இப்போ?

— தினம் ஆறு மணிக்கு நான் உக்கார்ந்து அந்தக் கோபுரத்தைத் திட்டுவேனே. நீங்களும் கூட உக்கார்ந்து திட்டினீங்களே! எப்படிங்க வாய் வந்துச்சு?

— அம்மா, ஐயா... நான் புகாரை முடிச்சிட்டுக் கிளம்பறேன். எங்க வழக்கம், புகார் கொடுத்தவர்கிட்ட கோளாறு என்னன்னு சொல்லி அவர் சரின்னாத்தான் முடிக்க முடியும். நம்பரைப் போடறேன்... அட, இந்தச் செய்தியெல்லாம் வந்திருக்கே, அதே நம்பர்.

— என் பிள்ளையா? அவனா புகார் கொடுத்தான்?

— உங்க போன் சிம் அவர் பேர்லதான் இருக்கு. ‘அப்பா அம்மா தனியா இருக்காங்க, சீக்கிரம் சரி பண்ணுங்க’ன்னு ஒன்பது தடவை எழுதியிருக்கார். ரிங் போகுது ஐயா. கோளாறு என்னன்னு நான் சொல்லட்டும்?

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொடு இங்க.

— கத்தாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்...

— டேய்! நாப்பது நாளா இந்த வீட்டுல சிக்னல் இல்லேன்னு தெரியுதில்ல, நேர்ல வர மாட்டியா? திரும்பி வந்த தண்டு பட்டறையிலயே கிடக்கு, அதை யாருடா சரியா அளக்கறது?