சடச்சி இடிச்ச சுவரு

ரயிலு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத காலத்துல, கொக்குமடை கொக்குமடைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வேற எங்கயோ இல்ல, இப்ப உக்காந்து கடலை உடைக்கிறோமே, இந்த ஊருதான். அந்த ஊருல காத்தமுத்துன்னு ஒருத்தன். ஆளு வாட்டசாட்டமா இருப்பானாம், புத்திதான் கொஞ்சம் கம்மி. அவனுக்கு வாக்கப்பட்டு வந்தவ சடச்சி. எங்க பாட்டனோட பாட்டி அவ. கேக்குறவளுக வாயை மூடிக் கேக்கணும். நடுவுல எவளாவது, "அத்தை, பால் கட்டுனா அதுக்குச் சின்னச் சின்னதா வெள்ளை உருண்டை மாத்திரை இருக்காம், ஓமியோபதியாம்"னு ஆரம்பிச்சா, நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

சடச்சிக்கு ரொம்ப வருசமாப் பிள்ளை இல்லையாம். காத்தமுத்து என்ன செஞ்சான்? பக்கத்து ஊருலருந்து மாடத்தின்னு ஒருத்தியைக் கட்டிக் கூட்டியாந்துட்டான். கட்டுனவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கல. சரி, வந்தவளாவது சும்மா இருந்தாளா? அதுவும் இல்ல. குடத்தை இறக்கி வைக்கையில ஒரு "மலடி". அடுப்பை ஊதையில ஒரு "மலடி". சடச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாளாம்.

அப்புறம் பாருங்க, புதுசா வந்தவளுக்கு முந்தி சடச்சி முழுகாம இருந்தா. ஆம்பளைப் பிள்ளை பெத்தா. ஊரே வாயைப் பொளந்துச்சு. மாடத்திக்கு வயிறு எரிஞ்சு போச்சு. கிணத்தடியில நாலு பேரு கேக்கச் சொன்னாளாம்: "இம்புட்டு வருசம் தங்காதது இப்ப மட்டும் எப்படித் தங்குச்சாம்? யாரு பிள்ளையோ, யாரு கண்டா!"

இதை எவ பொறுப்பா? நீ பொறுப்பியா? சடச்சி பொறுக்கல. பெத்த பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா காளியாத்தா கோயிலுக்குப் போனா. பிள்ளை தலையில கையை வச்சா. "இனிமே அந்த மாடத்தி வாசப்படியை நான் மிதிச்சேன்னா, இந்தப் பிள்ளை எனக்கில்ல தாயே"ன்னு சத்தியம் பண்ணிட்டா.

காத்தமுத்து வீட்டை ரெண்டா மறிச்சு நடுவுல மண்சுவரு வச்சான். இங்கிட்டு ஒரு அடுப்பு, அங்கிட்டு ஒரு அடுப்பு. இங்கிட்டு ஒரு வாசல், அங்கிட்டு ஒரு வாசல். அவன் மட்டும் ரெண்டு பக்கமும் தின்னுட்டுத் திரிஞ்சானாம், வெக்கங்கெட்ட பய.

சடச்சி மகன் பல்லு முளைச்சு, சுவத்தைப் பிடிச்சு நடக்கையில மாடத்திக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. பேறுகாலம் பாக்க அவ ஆத்தாக்காரி வந்திருந்தா. கொஞ்ச நாள்ல மாடத்திக்கு ஒரு பக்க மாருல பால் கட்டிக்கிச்சு. மாரு கல்லாட்டம் ஆயிப்போச்சாம். தொட்டா நெருப்பு. பல்லு கிட்டிக்கிற குளிரு, காய்ச்சல்.

ஆத்தாக்காரி சும்மா இருந்தாளா? மல்லியப்பூவை வச்சுக் கட்டுனா. ஊமத்தை இலையை விளக்கெண்ணெயில வதக்கிப் பத்துப் போட்டா. ஊமத்தை வச்ச மாருல பச்சப்பிள்ளை வாயை வைக்கலாமா? விஷமுல்ல! அதனால பிள்ளையைத் தூக்கித் தள்ளிப் போட்டுட்டா. பிள்ளை குடிக்கலைன்னா பாலு எங்கிட்டுப் போகும்? உள்ளயே நின்னு இன்னும் இறுகுச்சு. இறுகுச்சேன்னு இன்னும் ஊமத்தை. ஊமத்தை இருக்கேன்னு பிள்ளை இன்னும் தள்ளி. செக்குமாடு கணக்கா ஒரே சுத்து. ஆட்டுக்கு மடி வீங்குனா இந்த ஊருல எல்லாரும் குட்டியை ஊட்டத்தான் விடுவாக. பொம்பளைக்குன்னா மட்டும் புத்தி இலையைத் தேடிப் போகுது.

பிள்ளைக்குக் கருப்பட்டித் தண்ணியைத் துணியில நனைச்சு நனைச்சு வச்சாளாம். அது துணியைச் சப்பிச் சப்பி உறிஞ்சுற பலமே போச்சு. பால் கட்டாத அந்தப் பக்கத்து மாருல விட்டாலும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தொவண்டு போகும். ஆத்தாளும் போயிருவா, பிள்ளையும் போயிரும்னு ஊரு பேச ஆரம்பிச்சிருச்சு.

காத்தமுத்து சடச்சிகிட்ட வந்து நின்னான். "நீ ஒரு எட்டு வந்து பாரேன்." "நான் பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன், போய்யா." சுவத்துக்கு அங்கிட்டிருந்து ஆத்தாக்காரி கத்துனா: "அவ கைபட்டு எம்மக பிழைக்க வேணாம். செத்தாலும் சாகட்டும்!" கேட்டீங்களா? பெத்தவ சொல்ற பேச்சை!

ஒரு நாள் உச்சிவேளை. சடச்சி உரலுல கம்பு இடிச்சுக்கிட்டிருந்தா. சுவத்துக்கு அங்கிட்டு அந்தப் பிள்ளை அழுகுது. அழுகைன்னா அழுகையா? பூனைக்குட்டி கணக்கா ஒரு முனகல். சடச்சி காதுல விழாத மாதிரி இடிச்சா. பிள்ளை முனகுது. இவ இடிக்கிறா. பிள்ளை முனகுது. இவ இடிக்கிறா. குனிஞ்சு பாத்தா மாராப்பு நனைஞ்சு போச்சு. ரெண்டு மாருலயும் பாலு தன்னால சொரியுது.

சடச்சிக்கு ஆங்காரம் வந்திருச்சாம். யாரு மேல? தன் மாரு மேலயே. "சீ, மானங்கெட்ட மாரே! என்னைய மலடின்னவ பிள்ளைக்கா சொரியுற? எம்பிள்ளையை யாரு பிள்ளைன்னு கேட்டவளுக்கா சொரியுற?" அது கேக்கல, சொரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

எடுத்தா பாருங்க அந்த உலக்கையை! பூண் போட்ட பக்கத்தைத் திருப்பிச் சுவத்துல போட்டா ஒரு இடி. மண்ணு பொலபொலன்னு விழுந்துச்சு. இன்னொரு இடி. இன்னொரு இடி. ஆளு நுழையுற அளவுக்கு இல்ல, ஒரு பிள்ளை நுழையுற அளவுக்குப் பொந்து.

"ஐயோ, சுவத்தை இடிக்கிறாளே பாவி!"ன்னு ஆத்தாக்காரி விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு வந்தா.

"வாசப்படியை மிதிக்கமாட்டேன்னுதான் சொன்னேன். சுவத்தை இடிக்கமாட்டேன்னு நான் எந்தச் சாமிகிட்டயும் சொல்லல. போயி வெந்நி வச்சு அந்த ஊமத்தையைக் கழுவுடி கிழவி! சுத்தமாக் கழுவு. சுடுதுணியை வச்சு ஒத்து. கழுவிட்டு அந்தப் பிள்ளையை இங்க நீட்டு."

மாடத்தி தவழ்ந்து தவழ்ந்து வந்து பொந்துகிட்ட உக்காந்தாளாம். பிள்ளையை இங்கிட்டு நீட்டுனா. சடச்சி அதை வாங்கி மாருல போட்டா. அப்புறம் தன் மகனைத் தூக்கி அங்கிட்டு நீட்டுனா.

மாடத்தி பயந்துட்டா. "எதுக்குடி உம்பிள்ளையை எங்கிட்ட விடுற? நான் அவன் கழுத்தைப் பிடிச்சா என்ன செய்வ?"

"பிடி. உம்மக என் கையில இருக்கா."

"விஷப்பாலுங்குறாகளே?"

"எனக்கும் காது இருக்கு. நீ கொடுடி!"

வாய்தான் அப்படிப் பேசுச்சு. பொந்துல நீட்டுன பிள்ளையோட காலைச் சடச்சி விடாமப் பிடிச்சிருந்தாளாம். பிடிக்காம? அத்தனை வருசம் கழிச்சுப் பொறந்த ஒத்தப் பிள்ளை. அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவளுக்கு யாரு இருக்கா? ஆனாலும் விட்டா.

அவன் தடிப்பய. கன்னுக்குட்டி முட்டுற மாதிரி முட்டி இழுத்தான். பல்லு வேற. மாடத்தி போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சாம். "கடிக்கிறாண்டி உம்மவன், உன்னைய மாதிரியே!" "கடிக்கட்டும், நீ பேசுன பேச்சுக்கு!" இங்கிட்டு இவ பிள்ளை, அங்கிட்டு அவ பிள்ளை. ஒருத்தியை ஒருத்தி முறைச்சுக்கிட்டே ரெண்டு பேரும் பால் கொடுத்தாகளாம்.

கடைசியில மாடத்தி கேட்டா: "என்னைய எதுக்குடி காப்பாத்துற?"

"நீ செத்தா அந்த மனுசன் உம்மகளை என் தலையிலதான் கட்டுவான். அதுக்குத்தான்."

அதுக்குத்தானான்னு எனக்குத் தெரியாது. அப்படித்தான் சொன்னாளாம்.

மகனைத் திருப்பி வாங்குனதும் சடச்சி அவனைக் கீழ விடல. வயித்தை அமுக்கிப் பாக்குறா. கண்ணை இழுத்துப் பாக்குறா. தூங்குனவன் மூக்குல விரலை வச்சு மூச்சு வருதான்னு பாக்குறா. பொழுது சாய அவன் எந்திரிச்சுக் கம்மஞ்சோறு கேட்டு அழுதானாம். அப்பத்தான் அவளுக்கு உசுரு வந்துச்சு. மாடத்திக்குப் பால் இளகி ஓடிருச்சு. அன்னாடம் அதே மாதிரி மாத்தி மாத்திக் கொடுக்க, காய்ச்சல் விட்டுப் போச்சு, அந்தப் பிள்ளையும் தேறி உறிஞ்சப் பழகிக்கிச்சு. நல்லவேளை, உள்ள சீழ் வைக்கல. வச்சிருந்தா எந்தத் தடிப்பய குடிச்சும் தீராது, அறுத்துத்தான் எடுக்கணும்.

சேந்துட்டாகளான்னு கேப்பீங்க. எங்க சேர? உடம்பு தேறுனதும் கோழி மிளகாயைக் கிளறுச்சுன்னு தெருவுல நின்னு ஏசிக்கிட்டாக. ஆனா காத்தமுத்து மண்ணைக் குழைச்சுக்கிட்டுப் பொந்தை அடைக்க வந்தான் பாருங்க, இவ உலக்கையை எடுத்தா, அவ விளக்குமாத்தை எடுத்தா. "தொட்ட, கையை ஒடிச்சிருவேன்!" ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுன பேச்சு அது ஒண்ணுதானாம்.

சடச்சிதான் முந்திச் செத்தா. சங்கு கடைசியா ஊதையில மாடத்தி வாசல் வழியா வரல. பொந்து வழியா ஒரு கை மட்டும் வந்துச்சாம், கையில ஒரு கிண்ணிப் பாலு. பிணத்தைப் பொந்தோரமா நகத்தி வச்சாக. வாயில பாலை விட்டுட்டு அங்கிட்டிருந்தே சொன்னாளாம்: "போறியா? போ. இனி நான் யாரைடி ஏசுவேன்?"

கீழத்தெருவுல பொந்துச்சுவரு நிக்குதே, அதுதான் அது. மழையில கரையக் கரைய நாங்க ஒரு பக்கம் பூசுவோம், அவுக ஒரு பக்கம் பூசுவாக. பொந்தை மட்டும் விட்டுருவோம். அன்னையிலருந்து இந்த ஊருல மாருல பால் கட்டுனா சொந்தக்காரி வீட்டுக்குப் போறதில்ல. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குத்தான் போகணும். சுவத்தோரமா நின்னு கையை நீட்டணும், அவ தன் பிள்ளையைத் தரணும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. தரலைன்னா அவளுக்கு ஊருல தண்ணி கிடையாது.

எங்களுக்கும் மாடத்தி வகையறாவுக்கும் இன்னைக்கும் ஆகாது. அவுக மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன். போன மாசம் என் மருமகளுக்குப் பால் கட்டிக் குளிரு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கிட்டு ஓடுனோம், ஓடாம? ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, அந்த டாக்டரம்மாவும் பாலை உள்ள நிறுத்தாதேன்னுதான் சொல்லுச்சு. வீட்டுக்கு வந்தா, அந்தச் சிறுக்கி, மாடத்தி வகையறாவுக்கு வாக்கப்பட்டு வந்தவ, நாங்க கையை நீட்டுறதுக்கு முன்னாடியே பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பொந்துகிட்ட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறா.

என்னடி கேட்ட? நன்றி சொன்னோமாவா? இம்புட்டு நேரம் என்ன கதையைடி கேட்ட நீ? கடலையை உடை.