பெருவிரல் பள்ளம்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை என் அரைத்தூக்கத்தைக் கலைத்தது.

“இப்பல்லாம் தேய்ஞ்ச கத்தியத்தான் பாய் தேடிப் போறேன்.”

அவர் பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். “முந்தி பளபளன்னு நீளமா இருந்தாத்தானே வாங்கிச் சேர்ப்பீக?”

“அது எளவட்ட வயசுல. பெறகு மான்கொம்புப் பிடி, பித்தளைப் பிடின்னு அலைஞ்சேன். இப்ப தேய்மானம்தான் அழகாத் தெரியுது. இன்னைக்கு நாரணாபுரத்துல ஒரு அம்மா, முப்பது வருசமா வெடிக்குக் காகிதம் வெட்டுன கத்திய எங்கிட்டக் குடுத்தாக.”

“வாங்கிட்டீகளா?”

“பிடியில அவுக பெருவிரல் பதிஞ்சு பதிஞ்சு பள்ளம் விழுந்திருக்கு. அதுல என் விரல வச்சுப் பார்த்தேன். பொருந்தல. திருப்பிக் குடுத்துட்டேன்.”

“மனசு கேட்டுச்சா?”

ஜன்னலுக்கு வெளியே கரிசல்காடு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. பெரியவர் அதையே பார்த்தபடி சொன்னார்:

“பிடிச்ச கத்திய விட்டுட்டுச் சந்தோசமா வீட்டுக்குப் போறது இதான் பாய் மொத தடவ.”